ஏழாவது ம்

பறங்கிகளின் முதல் நிபந்தனையை ஆதிச்சன் தமிழில் சொல்லி முடித்ததும் சிற்றரசர் தென்னவதரையர் கண்ணை மூடியபடியே "ம்" என்றார். அவ்வளவுதான். கதை கேட்கிறவர் கொட்டுகிற உம். மேலே சொல்லு, காது இங்கேதான் இருக்கிறது என்கிற உம். வந்தவன் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறவரை கேட்கிறவர் உம் கொட்டுவார், முடித்த பிறகு வெற்றிலைத் தட்டு வரும், வெற்றிலை போட்ட பிறகுதான் பதில் வரும். புன்னைப்பட்டினத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் பந்தலின் அந்தப் பக்கம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இந்த வெயிலில் வெல்வெட்டுச் சட்டைக்குள் வெந்துகொண்டிருந்த பறங்கிக் கப்பலின் கப்பித்தான் கஸ்பாருக்கு அது தெரியாது. பக்கத்தில் பலகையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தன் பெரோவுக்கும் தெரியாது. பெரோ இறகை நிறுத்தி மூக்கால் கேட்டான். அவன் பேசுவதே மூக்கால்தான், தொண்டை என்று ஒன்று இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல. "என்ன சொல்கிறார், சிம் என்றா?" சிம் என்றால் அவர்கள் பாஷையில் ஆமாம். அதையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள், பாதியை விழுங்கி மீதியை மூக்கில் விடுவார்கள், பத்தடி தள்ளி நின்று கேட்டால் ம் மாதிரியேதான் இருக்கும். ஆதிச்சன் தென்னவதரையரைப் பார்த்தான், பெரோவைப் பார்த்தான், பெரோவின் மூக்கைப் பார்த்தான். அந்த மூக்காலேயே "சிம்" என்றான். இறகு தாளில் கீறியது.

பொய் என்று இதைச் சொல்ல முடியாது, என்று உடனே தனக்குள் வழக்காட ஆரம்பித்தான். சிம் என்ற சொல்லை எடுத்தது பெரோ, இவன் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதானே. திருப்பிச் சொல்வதுதானே இவன் பிழைப்பு. கப்பலில் இவனுக்குப் பெயரே பப்பகாயு, அதாவது கிளி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கரையிலிருந்து வள்ளத்தில் மீன் விற்கப் போனவன், விற்றோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். மேல்தட்டில் கப்பித்தான் மாலுமிகளைப் பார்த்துக் கத்துவதை இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் தடவை, அர்த்தம் ஒன்றும் தெரியாமலே, அதே கரகரப்பு, அதே கோழைச் செருமல், கடைசியில் அதே இழுப்பு என்று கீழே வள்ளத்திலிருந்து இவன் கத்தினான். மேலே எட்டுப் பேர் தடதடவென்று ஓடி நங்கூரத்தைக் கடலில் இறக்கிவிட்டார்கள். கப்பல் புறப்படுகிற நேரம் அது. கூட வந்த கொற்றன் சிரித்துச் சிரித்து வள்ளத்துக்குள்ளேயே மூத்திரம் விட்டுவிட்டான். கப்பித்தானும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், சிரித்துக்கொண்டே ஒரு கயிற்றைக் கீழே போடச் சொன்னான். கயிறு இடுப்பில் விழுந்து இறுகுகிறபோதும் ஆதிச்சனுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. நனைந்த வேட்டியோடு கொற்றன் கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டதுதான் அவன் கடைசியாகப் பார்த்த ஊர். அதற்குப் பிறகு மூன்று வருஷம், எத்தனை குரல்கள். சமையற்காரனின் ஏப்பம், பாதிரி தூங்கிக்கொண்டே சொல்லும் ஜெபம், வாந்தி எடுக்கும்போதும் மரியாதையாக வாந்தி எடுக்கிற பிரபு ஒருத்தன், பறங்கி அரசனின் ஊரான லிசுபோவாவின் சந்தையில் விலை கூவுகிற ஒற்றைப்பல் மீன்காரி. எல்லாம் உள்ளே கிடக்கிறது. யாரிடம் செய்து காட்டுவது? பறங்கியைப் பறங்கியிடம் செய்து காட்டினால் உதை கிடைக்கிறது. திரும்பிப் போனால் அம்மா அழுவாள், அழட்டும், அழுது முடித்து மீன் வறுப்பாள். ஆனால் ராத்திரியும் பகலும் இவன் ஏங்கினது அம்மாவுக்காக இல்லை. வலைக்காரத் தெரு மணலில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று ஒரு ஏப்பம், ஒரே ஒரு ஏப்பம் விட்டுக்காட்டி, அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுவதைப் பார்க்க வேண்டும். நேற்றுக் கரை கண்ணில் பட்டபோது கப்பித்தான் இவன் தோளில் கை போட்டுச் சொன்னான், "இந்தச் சிற்றரசனிடமிருந்து ஏழு நிபந்தனைக்கும் சிம் வாங்கிக்கொடு, பப்பகாயு. நீ வீட்டுக்குப் போகலாம்." ஏழு ம். வெறும் ஏழு ம்.

இரண்டாவது, இனிமேல் இந்தக் கடலில் எங்கள் அரசர் தருகிற சீட்டு இல்லாமல் எந்தத் தோணியும் போகக்கூடாது. ஆதிச்சன் இதைக் கப்பித்தானின் குரலிலேயே தமிழில் சொன்னான், செருமல் வரவேண்டிய இடத்தில் செருமலோடு. பந்தலுக்கு வெளியே நின்ற வலைக்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கப்பித்தான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தான், தன் பேச்சில் மயங்குகிறார்கள் என்று நினைத்திருப்பான். தென்னவதரையர் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக மெல்ல ஆட்டி "ம்" என்றார். பெரோவுக்குச் சந்தேகம். "தலையைக் குறுக்கே ஆட்டுகிறாரே, எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தம்." "இங்கே அதுவும் சிம். வாயும் சிம், தலையும் சிம்." பெரோ தலையை ஆட்டிப் பார்த்தான், கழுத்துச் சுளுக்கிய கொக்கு மாதிரி. ஆதிச்சன் உதட்டைக் கடித்துக்கொண்டான். கடலுக்குச் சீட்டாம். அலைக்கு யார் வாசல்படி வைத்தது. கொற்றனிடம் சீட்டைக் கொடுத்தால் அதில் மீனைச் சுற்றி யாருக்காவது கொடுத்துவிடுவான், எழுத்து என்றால் அவனுக்கு எறும்பு. சிரிப்பு கிளம்பி வந்தது, பாதி வழியில் எதிலோ மாட்டிக்கொண்டது. சீட்டு இல்லாத தோணியை என்ன செய்வார்கள் என்று மலையாளக் கரையில் பார்த்திருக்கிறான். முதலில் பாய்க்கு நெருப்பு. பாய் எரிகிறபோது பஃப் பஃப் என்று ஒரு சத்தம் வரும், யாரோ விளக்கை ஊதி அணைக்கப் பார்க்கிற மாதிரி. குதித்தவர்களை ஈட்டி முனையால் நெருப்புப் பக்கமே திருப்பி விடுவார்கள். அன்றைக்குச் சாப்பாட்டின்போது அந்தச் சத்தத்தைச் செய்து காட்டச் சொன்னார்கள், இவனும் செய்து காட்டினான், பஃப் பஃப், பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வருகிற கூப்பாடு. நன்றாக வந்தது. மீன் துண்டு ஒன்று கூடக் கிடைத்தது. கொற்றன் கூப்பாடு போட்டால் எப்படி இருக்கும் என்று இப்போது காதுக்குள் தானாக ஒரு குரல் செய்து பார்த்தது, அதை அமுக்கினான், அது திரும்ப எழுந்தது, திரும்ப அமுக்கினான்.

மூன்றாவது, மரக்காயர் கப்பல்கள் இந்தத் துறையில் இனிமேல் ஒதுங்கக்கூடாது. ம். சிம். நான்காவது, துறைமுனை மேட்டில் நாங்கள் கல்லால் ஒரு வீடு கட்டிக்கொள்வோம், அதில் பீரங்கி இருக்கும். ம். சிம். பீரங்கி வைத்த வீட்டுக்கு வீடு என்று பெயர், கேட்டுக்கொள்ளுங்கள். இறகு கீற ஆரம்பித்ததும் லிசுபோவாவின் கல்லுளிச் சத்தம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கல் கொத்துகிறார்கள். ஆற்றங்கரையில் அரசனுக்கு அரண்மனை, அதன் சுவரில் மூக்கை வைத்தால் மிளகு மணக்கும். அந்தச் சுவரோரம் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த கிழவன் ஒருவன், ஈறெல்லாம் அழுகிப் பல் கொட்டினவன், இவன் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். இவன் பிறப்பதற்கு முன்னால் பெரிய மாலுமி ஒருவன் கறுப்பர் தேசத்தின் முனையைச் சுற்றிக்கொண்டு நம் பக்கத்துக்குக் கடல்வழி கண்டுபிடித்தானே, அந்த முதல் பயணத்தில் பாய் இழுத்தவனாம் இந்தக் கிழவன். "நாங்கள் போவதற்கு முன்னால் இந்த ஊரில் என்ன இருந்தது? ஆடும் கல்லும். பக்கத்து அரசர்கள் எங்கள் அரசனைக் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். இப்போது பார், தூது வந்தவர்கள் வாசலில் நாள்கணக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். எல்லாம் அந்த ஒரு பயணம்." சொன்னவனுக்கு உட்காரக் கோணிகூட இல்லை. போனவர்களில் பாதிக்குமேல் கடலிலேயே போனார்களாம், திரும்பினவர்களில் கிழவன் பல்லை மட்டும் கொடுத்துத் தப்பினவன். ஆதிச்சன் அந்தப் பொக்கை வாய்ப் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்லிக்காட்டினான், எழ்ழாம் அந்த ஒழு பயணம் என்று. கிழவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தாமலே அழுதான். இரண்டும் ஒரே சத்தமாகத்தான் இருந்தது, எங்கே மாறியது என்று ஆதிச்சனுக்குப் பிடிபடவில்லை, பிடிபடாத சத்தம் அது ஒன்றுதான், அதனால் எரிச்சல் வந்தது. இப்போது பெரோவின் இறகு கீறுகிறபோதெல்லாம் அங்கே சுவரில் ஒரு கல் ஏறுகிறது போலத் தோன்றியது. இங்கே ஒரு ம், அங்கே ஒரு கல். ஏறட்டும். எனக்கென்ன, கல்லை நானா சுமக்கிறேன்.

ஐந்தாவது நிபந்தனையில் தென்னவதரையரின் கண் திறந்தது. முத்துக் குளிப்பு எந்த நாளில் தொடங்குவது, யார் முங்குவது, எல்லாம் இனி கப்பித்தான் சொல்கிறபடி. "ம்" என்றார், ஆனால் இந்த ம் வேறு மாதிரி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்து நெரித்த ம். சொல்லு, இன்னும் என்னென்ன வாய்க்கொழுப்பு இருக்கிறதோ எல்லாவற்றையும் சொல்லி முடி, என்கிற ம். ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தச் சூடு தெரிந்தது, பந்தலுக்கு வெளியே துண்டுகள் வாயிலிருந்து இறங்கின. பெரோ மட்டும் அதே மாதிரி எழுதினான். பிரதானி சோலைமலையார், தென்னவதரையரின் வலப்பக்கம் நிற்கிறவர், தொந்தியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிற ஆள், ஆதிச்சனிடம் குனிந்து முணுமுணுத்தார். "சீக்கிரம் சொல்லி முடிலே. பதிலு தயாரா இருக்கு. வீட்டுப் பின்வளவுல முந்நூறு வேலு நிக்கி, தெரியுமா?" தெரியும் என்று ஆதிச்சன் தலையாட்டினான், தெரியாது, இப்போதுதான் தெரிந்தது. அப்படியானால் இவர் இல்லை என்றுதான் சொல்லப்போகிறார். வெற்றிலை வந்து, போட்டு, துப்பி, அதற்குப் பிறகு இல்லை என்பார். அதற்குள் ஏழும் எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்தும் விழுந்திருக்கும். பிறகு அவர்கள் பாடு, இவர்கள் பாடு. வேலுக்கும் பீரங்கிக்கும் நடுவில் இவன் எதற்கு, இவன் அதற்குள் வலைக்காரத் தெருவில் ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பான். அப்படித்தானே. அப்படித்தான். ஆறாவது, இந்த ஊர் வழக்குகளைக் கப்பித்தானே தீர்ப்பார். இதைச் சொல்கிறபோது குரல் ஒரு இடத்தில் பிசிறியது, கப்பித்தானின் செருமலைப் போட்டு மூடினான். "ம்."

"இவருடைய சத்தம் மாறிக்கொண்டே வருகிறதே," என்றான் பெரோ. நல்ல காது. மூக்கால் பேசினாலும் காது நல்ல காது. "கோபமா?" ஆதிச்சனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நாக்கு என்றதுமே கோரன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். இவனுக்கு முன்னால் கப்பலில் மொழி சொன்ன மலையாளத்தான் கோரன். எங்கோ ஒரு துறையில் யாரையோ காப்பாற்ற ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டான், அது வெளியே வந்துவிட்டது. அவனைக் கொல்லவில்லை, கொன்றால் வேலைக்கு ஆள் குறையும். பாதி நாக்கோடு இப்போது கீழ்த்தட்டில் பன்றிக்குத் தீனி போடுகிறான். பேச முயன்றால் ஆஊழ் ஆஊழ் என்று வரும். முதல் மாதமே ஆதிச்சன் அதைப் படித்துவிட்டான், மாலுமிகள் நடுவில் கோரன் மாதிரி நடந்து ஆஊழ் ஆஊழ் என்று காட்டினான். கூட்டத்தின் ஓரத்தில் வாளியோடு நின்ற கோரனைக் கவனிக்கவில்லை. கவனித்தான். கவனித்த பிறகும் இன்னொரு தடவை செய்தான், அப்போதுதான் சிரிப்பு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது, உச்சத்தில் எப்படி நிறுத்துவது. கோரன் வாளியைக் கீழே வைத்துவிட்டு இவனையே பார்த்தான், பிறகு பன்றிகளிடம் போனான். சொல்லை மாற்றினதற்கே பாதி நாக்கு. ஆறு சிம்முக்கு எவ்வளவு வெட்டுவார்கள், அளந்து பார்த்தால் நாக்கு அவ்வளவு நீளம் இருக்குமா. "கோபம் இல்லை," என்றான், "எங்கள் பெரியவர்களுக்குச் சந்தோஷம் கூடக் கூடச் சத்தம் இறுகும்." பெரோ அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டான். பாவம், இந்தக் கரையைப் பற்றித் தான் கற்றதை எல்லாம் அவன் குறித்து வைக்கிறான், அவன் அரசன் படிப்பானாம்.

ஏழாவதைக் கப்பித்தான் தாளைப் பார்க்காமல் சொன்னான், ஆதிச்சனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. "ஏழாவது, இந்தப் பப்பகாயுவை எங்கள் அரசருக்குக் காணிக்கையாகத் தருகிறார். ஆயுசு முழுக்க." அவன் முகத்தில் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் ஒளித்துக் கொண்டுவந்தவனின் களிப்பு. "உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அரண்மனையிலேயே இருக்கப்போகிறாய். சாப்பிடும்போது ராணிக்குக் கழுதை மாதிரிக் கத்திக் காட்டுவாய்." ஆதிச்சனுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. "வீட்டுக்கு என்றீர்களே." "வீடுதானே, அதைவிடப் பெரிய வீடு எது?" மிளகு மணக்கும் சுவர், கல்லுளி, பொக்கை வாய், குளிரில் விரல் மரத்துப்போகிற காலை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கப்பித்தான் காத்திருக்கிறான். இறகு காத்திருக்கிறது. தென்னவதரையர் கதையின் கடைசிக்காகக் காத்திருக்கிறார், இவன் எதைச் சொன்னாலும், எந்தக் குரலில் சொன்னாலும், முடித்ததும் ம் என்பார், மழை வரும்போல இருக்கிறது என்றாலும் ம், உங்கள் மீசையில் தேள் ஊர்கிறது என்றாலும் ஒருவேளை ம். கதை மாதிரிச் சொல்லக்கூடாது. கேள்வியாகக் கேட்க வேண்டும், கேள்வி என்றால் இப்போதே பதில் வரும், வெற்றிலைக்குக் காத்திருக்காது. கப்பித்தான் குரல் வேண்டாம், பெரோ குரல் வேண்டாம். சொந்தக் குரலைத் தேடினான், மூன்று வருஷமாக அதற்கு வேலை இல்லை, எங்கோ அடியில் கிடந்தது, மெலிந்து, பெண்பிள்ளைக் குரல் மாதிரி வந்தது. "சாமி, கடைசியா ஒண்ணு. இது கதை இல்ல. என்னயக் காணிக்கையா எடுத்துக்கிட்டுப் போவலாமான்னு கேக்காங்க. போனா திரும்பி வரமாட்டேன். நான் இந்த ஊருப் பிள்ள சாமி, வலக்காரத் தெருவு. குடுத்துருவியளா?"

தென்னவதரையர் முழுசாகத் திரும்பி அவனைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் அவன் அவருக்கு ஒரு சத்தம்தான், இப்போதுதான் ஆள். இடுப்பில் கயிறு உரசின கறுப்புத் தழும்பைப் பார்த்தார். முகத்தில் இருந்த சூடு தணிந்தது. "ம்ஹூம்," என்றார், நிதானமாக, தலையைக் குறுக்கே ஆட்டி. மாட்டேன் என்கிற ம்ஹூம். என் பிள்ளையை நான் தரமாட்டேன் என்கிற ம்ஹூம். பிரதானிகூட ஆச்சரியப்பட்டுத் திரும்பினார், வெற்றிலைக்கு முன்னால் ஐயா வாய் திறந்து அவர் பார்த்ததில்லை. அழுகை வரப்போகிறது என்று ஆதிச்சன் நினைத்தான். பின்னால் இறகு கீறுகிற சத்தம் கேட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை, பெரோ பாடம் படித்து முடித்துவிட்டான். "இந்தத் தடவை இரண்டு தடவை சொல்கிறார்," என்றான் கப்பித்தானிடம், "சிம், சிம்." கப்பித்தான் தொடையைத் தட்டினான். "பார் பப்பகாயு, உன்னைத் தருவதில்தான் அவருக்கு எவ்வளவு இஷ்டம்." "இல்லை, இல்லை, இது வேறு." "எப்படி வேறு?" மற்ற ஆறு என்னவாம் என்று அடுத்த கேள்வி வரும், வந்தால் நாக்கு. ஆறைத் தொடாமல் ஏழை மட்டும் எப்படிப் பிடுங்குவது. வித்தியாசத்தைக் காதிலேயே போட்டுவிட்டால் போதும், சொல்லி விளக்க வேண்டாம். "கேளுங்கள், இது சிம்," என்று தென்னவதரையரின் குரலில் "ம்" என்றான். "இது இப்போது சொன்னது," என்று "ம்ஹூம்" என்றான். அச்சு. தொண்டையில் நிற்கிற வெற்றிலைக் காறல்கூட. இரண்டு பறங்கிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெடித்துச் சிரித்தார்கள். "ஒன்று கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்," என்றான் பெரோ. "இன்னொரு தடவை," என்றான் கப்பித்தான். இன்னொரு தடவை செய்தான், நிறுத்தி, அழுத்தி, கண்ணில் நீரோடு. ம். ம்ஹூம். அப்போது பந்தலுக்கு வெளியே, வலைக்காரர்கள் பக்கம், யாரோ ஒருவன் அடக்க முடியாமல் களுக்கென்றான், அடுத்தவன், அதற்கடுத்தவன், துண்டுகள் மறுபடி வாய்க்கு ஏறின, ஏறியும் பயனில்லை. ஊர்ச் சிரிப்பு. மூன்று வருஷமாகக் கேட்காத சிரிப்பு, இவன் சொல்கிற ஒவ்வொரு எழுத்தும் புரிந்து வருகிற சிரிப்பு. அது முதுகில் ஏறிப் பிடரியைத் தொட்டது. செய்து காட்டச் சொல்லி இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. ஆதிச்சன் வலைக்காரர்கள் பக்கம் அரைவாசி திரும்பி நின்று, கண்ணை மூடி, மீசை இருக்க வேண்டிய இடத்தைத் துடிக்கவிட்டு, தலையைத் தோளுக்குத் தோள் ஆட்டி, மூன்றாம் தடவை செய்தான். அவ்வளவு நன்றாக எதுவும் அவனுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

சிரிப்பு ஓரத்திலிருந்து அறுந்துகொண்டே வந்தது. தென்னவதரையர் எழுந்து நின்றிருந்தார். "எங்குரல வச்சுப் பறங்கிக்குக் கூத்துக் காட்டுத," என்றார், சத்தம் உயராமல். பிரதானியிடம் சொன்னார், "கொண்டு போவட்டும் இவன." பிரதானி, "ஐயா, நம்ம பதிலு?" என்று வெற்றிலைத் தட்டை எட்டிப் பிடித்தார். "நாளைக்குப் பாத்துக்கிடலாம். இந்தப் பய வாய் வழியா எம்பேச்சு போவ வேண்டாம்." செருப்புச் சத்தம் உள்கட்டுக்குள் போய் மறைந்தது. முந்நூறு வேலும் பின்வளவில் நின்றபடியே நின்றிருக்கும். கப்பித்தான் எழுந்து சட்டையை உதறிவிட்டுக்கொண்டு, கப்பலைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டினான், அங்கே குண்டு போட்டு மரியாதை செய்ய ஆயத்தமானார்கள். பெரோ மை உலர ஏழின் கீழும் மணலைத் தூவி ஊதினான், பிறகு ஏதோ நினைத்தவன் போல இறகை மறுபடி மையில் தொட்டுக்கொண்டு கேட்டான். "போகும்போது பிரதானியிடம் உன்னைக் காட்டி என்னவோ சொன்னாரே, அது என்ன?"

ஆதிச்சன் வாயைத் திறந்தான். பெரோவின் மூக்குக் குரலே வந்தது.

"சிம்," என்றான். அன்றைக்குச் சொன்ன சிம்களில் அது ஒன்றுதான் நிஜம்.